ஹொரைசன் யூரோப்: இந்தியா உள்ள போகலாமா, வெளிய நின்னே வேலையப் பாக்கலாமா?

2025 செப்டம்பர்ல ஐரோப்பிய யூனியன் இந்தியாவோட உறவை எப்படிக் கொண்டுபோறதுன்னு ஒரு திட்ட அறிக்கை விட்டுச்சு. வர்த்தகம், பாதுகாப்புன்னு பெரிய விஷயங்களுக்கு நடுவுல, ஹொரைசன் யூரோப்ல இந்தியாவை அசோசியேட் நாடா சேத்துக்க முடியுமான்னு பாக்கலாம்னு ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு நம்ம ப்ரொஃபசர் வட்டாரத்துல நடந்த பேச்சு கொஞ்ச நஞ்சமில்ல. "இனிமே நமக்கும் யூரோ கிராண்டா சார்?"ன்னு ஒரு கோஷ்டி, "அவனுக்கு ஏன் நம்ம காசைக் கொடுக்கணும், இங்கயே நாலு லேபுக்குக் கொடுத்தா ஆகாதா"ன்னு இன்னொரு கோஷ்டி. எனக்கு வேலையே ப்ரபோசல் எழுதுறவங்களுக்கு பட்ஜெட்டு, ஃபார்மு, யூசிங்கிற செலவுக் கணக்குச் சான்றுன்னு கூட நின்னு பாக்குறதுங்கிறதால ரெண்டு பக்கத்துலேர்ந்தும் கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. ஒருத்தர் தன் பையன் போஸ்ட்டாக் போறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டான்னு கேட்டார், அதுக்கும் கடைசில வரேன்.

முதல்ல இது என்னன்னு சுருக்கமா. ஹொரைசன் யூரோப்ங்கிறது 2021லேர்ந்து 2027 வரைக்கும் ஓடுற ஐரோப்பிய யூனியனோட ஆராய்ச்சி நிதித் திட்டம், ஆரம்பத்துல ஒதுக்கினது 9,550 கோடி யூரோ. மூணு பில்லர். முதல் பில்லர்ல ஈ.ஆர்.சி (ஐரோப்பிய ஆராய்ச்சி கவுன்சில்) கிராண்ட், மேரி கியூரி ஃபெல்லோஷிப் மாதிரி தனி ஆளோட ஆராய்ச்சிக்கானது. ரெண்டாவது பில்லர்தான் பெருசு, 5,350 கோடி, ஆரோக்கியம், பருவநிலை, எரிசக்தி, டிஜிட்டல், உணவுன்னு பல நாட்டு டீம் சேந்து கன்சார்ட்டியமா செய்யுற வேலைக்கு. மூணாவது ஸ்டார்ட்டப், தொழில் பக்கம். இதுல யூனியன்ல இல்லாத நாடும் பணம் கட்டிச் சேரலாம், அதுக்குப் பேருதான் அசோசியேஷன். சேந்துட்டா அந்த நாட்டு யுனிவர்சிட்டி, கம்பெனி எல்லாம் ஜெர்மனிக்காரன், பிரான்ஸ்காரன் மாதிரியே போட்டி போட்டு பணம் வாங்கலாம்.

இந்தியா முன்னாடி இருக்கிற வழி நாலு. இப்ப இருக்கிற மாதிரியே ஒவ்வொரு காலுக்கும் (இந்தத் தலைப்புல ப்ரபோசல் அனுப்புங்கன்னு வர்ற அழைப்பு) கோ-ஃபண்டிங்ல, அதாவது நம்ம பங்குக்கு நம்ம அரசே பணம் போட்டு ஓட்டுறது, கொரியா கனடா மாதிரி பில்லர் 2ல மட்டும் சேர்றது, பிரிட்டன் சுவிட்சர்லாந்து மாதிரி முழுசா சேர்றது, இல்ல இதையெல்லாம் விட்டுட்டு ஃப்ரான்ஸோட தனியா ஜெர்மனியோட தனியான்னு இருதரப்பு ஏற்பாட்டுலயும் ஐட்டர் (அணுப்பிணைவு உலை), எஸ்.கே.ஏ (ரேடியோ தொலைநோக்கி) மாதிரி பெரிய ப்ராஜெக்ட்லயும் போடுறது.

## எதை வச்சு எடை போடுறது

சும்மா "பெருமை", "உலகத்தரம்"னு பேசினா எந்த முடிவுக்கும் வர முடியாது, அதனால நான் பாக்குறது இதுதான்:

- பணம்: யாரு கட்டுறா, எந்த ஃபார்முலாவுல, திரும்பி எவ்வளவு வரும்.
- எத்தனை கேட்டு (வாசல்): ஒரு ப்ரபோசல் ஜெயிக்க ஒரு மதிப்பீடு போதுமா, ரெண்டு தாண்டணுமா. கன்சார்ட்டியத்துக்கு நாமளே தலைமை தாங்க முடியுமா.
- அரசியல்: நாளைக்கு உறவு கெட்டா நடுவுல நிக்கிற ஆராய்ச்சி என்னாகும்.
- ஆபீஸ் வேலை: கணக்கு, டைம்ஷீட்டு, டேட்டா விதி, கொள்கை ஆவணம்.
- யாருக்கு எட்டும்: பத்து ஐ.ஐ.டிக்கு மட்டுமா, ஒரு மாநில யுனிவர்சிட்டிக்குமா.

## வழி 1: இப்ப இருக்கிற மாதிரி, காலுக்குக் கால் கோ-ஃபண்டிங்

இதோட பழைய கதை தெரிஞ்சாதான் புரியும். ஹொரைசனுக்கு முந்தின ஏழாவது ஃப்ரேம்வொர்க் ப்ரோக்ராம்ல இந்திய பார்ட்னருக்கு ஐரோப்பாவே பணம் கொடுத்துச்சு. 2014ல ஹொரைசன் 2020 ஆரம்பிச்சப்ப இந்தியா, சீனா, பிரேசில், ரஷ்யா, மெக்சிகோ அஞ்சையும் "நீங்க வளர்ந்துட்டீங்க, உங்க காசை நீங்களே போடுங்க"ன்னு தானா பணம் கிடைக்கிற லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்க. இன்னிக்கும் அதே நிலைதான். இதுல ஒரு வேடிக்கை, இலங்கை இன்னும் அந்த லிஸ்ட்ல இருக்கு. ஒரே கன்சார்ட்டியத்துல யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்காரரும் சென்னைக்காரரும் இருந்தா, அவருக்கு யூரோ நேரா வரும், நம்மாளுக்கு டெல்லிலேர்ந்து வந்தா உண்டு.

டெல்லி பணம் எப்படி வருதுன்னா, டி.எஸ்.டி (அறிவியல் தொழில்நுட்பத் துறை), டி.பி.டி (உயிரித்தொழில்நுட்பத் துறை), புவி அறிவியல் அமைச்சகம் மாதிரி ஏதோ ஒண்ணு குறிப்பிட்ட காலுக்கு "நாங்க இந்திய பக்கத்துக்குப் பணம் போடுறோம்"னு சேந்துக்கும். இது நல்லா ஓடின இடமும் இருக்கு, இல்லன்னு சொல்ல முடியாது. ஃப்ளூ தடுப்பூசிக்கு யூனியன் ஒன்றரை கோடி யூரோ, டி.பி.டி ஒன்றரை கோடி யூரோன்னு சமமா போட்டாங்க. தண்ணி சம்பந்தமா ஏழு ப்ராஜெக்ட் ஒண்ணா நடந்துச்சு, லோட்டஸ், பவித்ர கங்கா, சரஸ்வதி 2.0 எல்லாம் அதுலதான். 2025ல கடல் பிளாஸ்டிக்குக்கும், குப்பைலேர்ந்து ஹைட்ரஜன் எடுக்கிறதுக்கும் ரெண்டு கால் வந்துச்சு, ரெண்டு பக்கமும் சேத்து சுமார் 391 கோடி ரூபாய்.

வெளிய இருந்து பாத்தா இதுதான் மலிவு, என்ட்ரி ஃபீஸே கிடையாது. ஆனா மறைஞ்ச செலவு இங்கதான் அதிகம்ங்கிறது என் கணிப்பு. மொதல்ல ரெண்டு கேட்டு. யூனியன் தலைமையகம் இருக்கிற பிரஸ்ஸல்ஸ்ல ப்ரபோசல் மதிப்பீடு ஆகி ஜெயிக்கணும், அதுவே சுமாரா ஆறுல ஒண்ணுதான் தேறும். அது போக இந்திய பார்ட்னர் இங்க இருக்கிற ஏஜென்சிக்குத் தனியா அப்ளிகேஷன் போட்டு, தனி கமிட்டி பாத்து, தனியா சாங்ஷன் ஆகணும். ரெண்டு கடிகாரமும் ஒண்ணா ஓடாது. அங்க ப்ராஜெக்ட் ஆரம்பிச்சு கிக்-ஆஃப் மீட்டிங் முடிஞ்சு மொத டெலிவரபிள் தேதி நெருங்குறப்ப இங்க ஃபைல் இன்னும் நகர்ந்திருக்காது.

நான் கிட்ட இருந்து பாத்த ஒரு பட்ஜெட் ஷீட்டைச் சொல்றேன். பதினோரு பார்ட்னர், வரிசையா நெதர்லாந்து, ஸ்பெயின், கிரீஸ், எல்லாருக்கும் நேரா பெர்சன்-மன்த் (ஒரு ஆளோட ஒரு மாச வேலை), சம்பளம், பயணம், அதுமேல 25 சதவீத ஓவர்ஹெட் (நிறுவனத்தோட பொதுச் செலவுக்கு), கடைசி காலம்ல (நெடுவரிசைல) யூனியன் தர்ற தொகை. ஒன்பதாவது வரி நம்மாளு. பெர்சன்-மன்த் காலம்ல 42ன்னு இருக்கு, பைலட் பிளான்ட் ஓட்டுறதே அவருதான், தொகை காலம்ல 0.00. கன்சார்ட்டியத்துக்குத் தலைமை தாங்குற கோஆர்டினேட்டர் மெயில்ல ரொம்ப மரியாதையா "உங்க பக்கத்து நிதி உறுதியாயிடுச்சா"ன்னு மாசாமாசம் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, இவரு மாசாமாசம் "பிராசஸ்ல இருக்கு"ன்னு பதில் போட்டுக்கிட்டே இருந்தாரு. அடுத்த ப்ரபோசல் எழுதுறப்ப அந்த கோஆர்டினேட்டர் இந்தியாவை யோசிப்பாரா, வியட்நாமை யோசிப்பாரா? வியட்நாமுக்கு யூனியன் பணமே கிடைக்கும். இந்த நஷ்டம் எந்த கணக்குலயும் வராது.

இன்னொண்ணு, கன்சார்ட்டியம்னா குறைஞ்சது மூணு வெவ்வேற நாடு, அதுல ஒண்ணு யூனியன் நாடா இருக்கணும், மத்த ரெண்டும் யூனியன் நாடோ அசோசியேட் நாடோ. நம்ம பேரு அந்த மூணுல எண்ணப்படாது. கூடுதல் ஆளாதான் எப்பவும்.

இது எப்ப சரியான வழி: தலைப்பு நம்ம அமைச்சகத்துக்கே தலைவலியா இருக்கிறப்ப. கழிவுநீர், கடல் பிளாஸ்டிக், பேட்டரி ரீசைக்ளிங் மாதிரி. அங்க டெல்லிக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் ஒரே அவசரம், ஃபைல் கொஞ்சம் வேகமா நகரும்.

## வழி 2: பில்லர் 2ல மட்டும் அசோசியேஷன்

நிஜமா மேசைல இருக்கிற ஆஃபர் இதுதான். ஐரோப்பாவுக்குப் பக்கத்துல இல்லாத நாடுகளுக்கு யூனியன் இதுவரைக்கும் திறந்த கதவு பில்லர் 2 மட்டும்தான். நியூசிலாந்து 2023 ஜூலைல கையெழுத்து போட்டுச்சு, கனடா 2024 ஜூலை, கொரியா 2025 ஜூலை, இந்த வகைல ஆசியாலேர்ந்து அதுதான் மொதல். ஜப்பானும் 2025 கடைசில பேச்சை முடிச்சிருச்சு. சேர்றதுக்கு சட்டத்துலயே நிபந்தனை இருக்கு: நல்ல ஆராய்ச்சித் திறன், ஜனநாயக அமைப்பு, விதிப்படி நடக்கிற திறந்த சந்தை, அறிவுசார் சொத்துரிமைக்கு நியாயமான ஏற்பாடுன்னு. இதுல நாம எதுலயும் ஃபெயில் ஆக மாட்டோம், ஐ.பி பத்தி மட்டும் நல்லா இழுப்பாங்க.

கிடைக்கிறது என்ன? ஒரே மதிப்பீடு. ஜெயிச்சா பணம் பிரஸ்ஸல்ஸ்லேர்ந்து கோஆர்டினேட்டர் வழியா வரும், முன்பணமா கணிசமா வரும், மார்ச் 31க்குள்ள செலவு பண்ணலன்னா திரும்பிப் போயிரும்ங்கிற பயம் கிடையாது (இந்த ஒரு காரணத்துக்காகவே இதை ஆதரிக்கிற பிஐ (ப்ராஜெக்ட் தலைவர்) எத்தனையோ பேரு, ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும் ஆராய்ச்சிய விட்டுட்டு பர்ச்சேஸ் ஆர்டர் போட்டுக்கிட்டு அலையுறவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்). 25 சதவீத ஓவர்ஹெட் காலேஜுக்கே வரும். மூணு நாட்டுக் கணக்குல நம்ம பேரும் சேரும், நாமளே கோஆர்டினேட்டராவும் இருக்கலாம்.

இப்ப விலை. இங்கதான் நெறைய பேரு வழுக்குறாங்க. அசோசியேஷனோட அடிப்படைக் கணக்கு ஜிடிபி: உன் ஜிடிபி யூனியன் ஜிடிபில எத்தனை பங்கோ, திட்டச் செலவுல அத்தனை பங்கு கட்டு, அதுமேல நிர்வாகக் கட்டணம். ஒவ்வொரு நாட்டு ஒப்பந்தத்துலயும் பேரம் உண்டு, ஆனாலும் பேரம் ஆரம்பிக்கிற இடம் இதுதான்னு வச்சு ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பாருங்க. யூனியன் ஜிடிபி சுமார் 19 லட்சம் கோடி டாலர், நம்மது சுமார் 4 லட்சம் கோடி. அஞ்சுல ஒரு பங்கு. பில்லர் 2ஓட 5,350 கோடி யூரோவை ஏழு வருஷத்துக்கு வகுத்தா வருஷத்துக்கு 764 கோடி யூரோ, அதுல அஞ்சுல ஒண்ணு 153 கோடி யூரோ. யூரோ நூறு ரூபாய்னு வச்சுக்கிட்டாலே வருஷத்துக்கு 15,000 கோடி ரூபாய். ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கிற நம்ம அரசோட ஏ.என்.ஆர்.எஃப்புக்கு அஞ்சு வருஷத்துக்கு போட்ட திட்டமே 50,000 கோடி, அதுலயும் 36,000 கோடி தனியார், நன்கொடைன்னு வெளிலேர்ந்து வரணும், அரசு பங்கு 14,000 கோடிதான். அதாவது அஞ்சு வருஷத்து அரசு பங்கை விட அதிகமா ஒரே வருஷத்துல பிரஸ்ஸல்ஸுக்கு!

ஏன் இப்படி வருதுன்னா, நம்ம ஜிடிபி பெருசு, அதுல ஆராய்ச்சிக்குப் போறது 0.64 சதவீதம்தான். ஜிடிபி ஃபார்முலா கேக்குறது நாட்டோட மொத்த சைஸை, ஆனா கிராண்ட் ஜெயிக்கிறது நாட்டோட லேபுகள். சைஸுல யானை, லேபுல பூனைன்னு இருக்கிற நாட்டுக்கு இந்த ஃபார்முலா கட்டுப்படியாகாது. கட்டின காசுல பாதி திரும்பி வரலன்னா நாம ஐரோப்பிய ஆராய்ச்சிக்கு மானியம் கொடுத்த கதைதான், அதுவும் நம்மள விட எத்தனையோ மடங்கு தலைவருமானம் உள்ள நாடுகளுக்கு. அதனால பில்லர் 2 பேச்சுல கட்டணம் எவ்வளவுங்கிறத விட, திரும்பி வர்றது குறைஞ்சா கட்டணமும் தானா குறையுமாங்கிற ஷரத்துதான் உயிர்நாடி. பிரிட்டன் அப்படி ஒண்ணு வாங்கியிருக்கு, கீழ சொல்றேன்.

கட்டணம் போக மறைஞ்ச செலவு இன்னும் இருக்கு. அசோசியேட் ஆயிட்டா அரசு யுனிவர்சிட்டி, ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் பாலின சமத்துவத் திட்டம்னு ஒரு ஆவணத்தை வெப்சைட்ல போட்டிருக்கணும், அது இல்லாம கிராண்ட்டுல கையெழுத்தே போட முடியாது. நல்ல விஷயம்தான், ஆனா சிண்டிகேட்ல வச்சு பாஸ் பண்ணி, அதுக்குன்னு ஆள் போட்டு, பயிற்சி கொடுத்துன்னு அதுக்கே ஒரு வருஷம் போயிரும். பேப்பர் வந்த அன்னிக்கே எல்லாரும் இலவசமா படிக்கிற மாதிரி இருக்கணும், டேட்டா மேலாண்மைத் திட்டம் ஆறாவது மாசத்துக்குள்ள கொடுக்கணும், ஆடிட் வந்தா எந்த ஆளு எந்த நாள் எந்த ப்ராஜெக்ட்ல வேலை பாத்தாருன்னு காட்டணும். இதுக்கெல்லாம் ஐரோப்பிய யுனிவர்சிட்டிகள்ல தனி கிராண்ட் ஆபீஸ் உக்காந்திருக்கு. இங்க முக்காவாசி இடத்துல பிஐயும் ஒரு ஜேஆர்எஃப் ஆராய்ச்சி மாணவரும்தான் மொத்த ஆபீஸும், அந்தப் பையன் பிஎச்டி பண்ண வந்தானா பில்லு ஒட்ட வந்தானான்னு அவனுக்கே சந்தேகம் வர்ற நிலைமை. டிரஸ்ட் நடத்துற காலேஜுன்னா எஃப்.சி.ஆர்.ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தோட விதியையும் பாக்கணும்.

அப்புறம், உள்ள போனாலும் எல்லா ரூமும் திறக்காது. குவான்டம், விண்வெளி மாதிரி கால்கள்ல, யூனியனோட பாதுகாப்பு, தன்னிறைவுன்னு சொல்லி அசோசியேட் நாட்டையும் ஒதுக்க சட்டத்துல இடம் இருக்கு, செஞ்சும் இருக்காங்க. எந்தத் தலைப்புக்கு கால் வரணும்னு முடிவு பண்ற கமிட்டிலயும் அசோசியேட் நாட்டுக்கு உக்காந்து கேக்குற உரிமைதான், ஓட்டு கிடையாது.

இது எப்ப சரியான வழி: திரும்பி வர்ற பணத்தோட கட்டணத்தைக் கட்டிப்போடுற ஷரத்து இருந்து, குறைஞ்சது ஒரு அம்பது அறுவது நிறுவனத்துலயாவது ஒழுங்கான கிராண்ட் ஆபீஸ் இருந்தா. கொரியாவுக்கு இது பொருந்துது, அவங்க ஜிடிபில 5 சதவீதம் பக்கம் ஆராய்ச்சிக்குப் போகுது, போட்டி போட ஆளும் லேபும் தயாரா இருக்கு.

## வழி 3: முழு அசோசியேஷன்

இந்தியாவுக்கு இந்தக் கதவு இப்போதைக்குத் திறக்கிற மாதிரி தெரியல, ஆனாலும் பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் பட்ட பாட்டைப் பாக்காம எந்த வழியையும் எடை போட முடியாது.

பிரிட்டன் பிரெக்சிட்டுக்கு அப்புறம் ஹொரைசன்ல சேர்றதா 2020 டிசம்பர் ஒப்பந்தத்துலயே கொள்கை அளவுல ஒத்துக்கிட்டாங்க. ஆனா வட அயர்லாந்து தகராறுல அது மாட்டிக்கிச்சு. ஆராய்ச்சிக்கும் அயர்லாந்து எல்லைல போற லாரிக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணுமில்ல, ஆனா பேரம்னா அப்படித்தான். ஈ.ஆர்.சி கிராண்ட் ஜெயிச்ச நூத்துக்கும் மேற்பட்ட ஆளுங்ககிட்ட "கிராண்ட் வேணும்னா யூனியன் நாட்டுக்கு இடம் மாறு, இல்லன்னா விடு"ன்னு சொல்லிட்டாங்க, சில பேரு நிஜமாவே பொட்டியக் கட்டிட்டாங்க. பிரிட்டிஷ் அரசு அந்த இடைவெளில ஜெயிச்சவங்களுக்கு உள்நாட்டுக் காசையே கொடுக்கிற உத்தரவாதத் திட்டம் ஒண்ணை நடத்துச்சு, 2023 ஏப்ரல்ல பயனியர்னு ஹொரைசனுக்கு மாற்றா ஒரு சொந்தத் திட்டமும் வரைஞ்சு வச்சுச்சு, 1,460 கோடி பவுண்டு. கடைசில அந்தக் காசு இருந்தும் விஞ்ஞானிகள் கேட்டது ஹொரைசனைத்தான். 2023 செப்டம்பர் 7ல ஒப்பந்தம், 2024 ஜனவரிலேர்ந்து உள்ள. கோப்பர்னிகஸ் செயற்கைக்கோள் திட்டமும் சேத்து வருஷத்துக்கு சுமார் 260 கோடி யூரோ. கட்டினதுக்கும் வாங்கினதுக்கும் 16 சதவீதத்துக்கு மேல இடைவெளி விழுந்தா ஈடு உண்டுன்னு ஒரு ஷரத்தும் வாங்கிட்டாங்க. நான் மேல சொன்ன ஷரத்து இதுதான். பிரிட்டன் ஜிடிபியும் நம்ம ஜிடிபியும் கிட்டத்தட்ட ஒரே அளவுங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க, அவங்க லேப் பலத்தோட இருந்துகிட்டே இந்த ஷரத்தைக் கேட்டாங்கன்னா நாம எவ்வளவு அழுத்திக் கேக்கணும்.

சுவிட்சர்லாந்து ரெண்டு தடவை வெளிய நின்னுச்சு. 2014 பிப்ரவரில குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தணும்னு நடந்த வாக்கெடுப்பு மயிரிழைல ஜெயிச்சு, அதனால புதுசா யூனியன்ல சேந்த குரோஷியாக்காரங்க தாராளமா வந்து வேலை பாக்குற ஒப்பந்தத்துல கையெழுத்து போட முடியாம, பாதி அசோசியேஷனுக்கு இறங்கி, 2017லதான் முழுசா திரும்புச்சு. அடுத்து 2021 மே மாசம் யூனியனோட பெரிய ஒப்பந்தப் பேச்சை அவங்களே முறிச்சுக்கிட்டதும் மறுபடி வெளிய, 2025 நவம்பர்லதான் கையெழுத்து. ஈ.டி.எச் சூரிக் மாதிரி பெரிய யுனிவர்சிட்டி இருக்கிற நாட்டுக்கே இந்த கதின்னா, ஆராய்ச்சி அரசியலுக்கு எவ்வளவு சுலபமா பணயம் ஆகுதுன்னு பாத்துக்கோங்க.

ஆனா அந்த நாலு வருஷத்துல சுவிஸ்காரங்க ஒரு காரியம் செஞ்சாங்க, நம்ம ஊருல யாரும் இதைப் பத்தி சரியா பேசல. கன்சார்ட்டியம் பிரஸ்ஸல்ஸ்ல ஜெயிச்சா போதும், சுவிஸ் பார்ட்னரோட பங்கை பெர்ன்ல இருக்கிற அரசு அலுவலகம் நேரா கொடுத்துரும். உள்நாட்டுல ரெண்டாவது கமிட்டி வச்சு அறிவியலைத் திரும்ப எடை போடுறதெல்லாம் இல்ல. கோஆர்டினேட்டர் ஆக முடியல, ஈ.ஆர்.சி போச்சு, அதுக்கு பதிலா அவங்க தேசிய அறிவியல் அறக்கட்டளை சொந்தமா கிராண்ட் விட்டுச்சு, எல்லாம் சரி. ஆனா கன்சார்ட்டியத்துல "உங்க நிதி உறுதியா"ங்கிற கேள்விக்கு அவங்ககிட்ட மொத நாளே பதில் இருந்துச்சு.

இது எப்ப சரியான வழி: பக்கத்து நாடா இருந்து, ஈ.ஆர்.சில அள்ளுற அளவுக்கு ஆள் இருந்தா. நமக்கு ரெண்டுமில்ல.

## வழி 4: இருதரப்பு, அப்புறம் பெரிய ப்ராஜெக்ட்ல பங்கு

இதுல நமக்கு நல்ல பழக்கம் உண்டு. ஃப்ரான்ஸோட செஃபிப்ராங்கிற கூட்டு ஆராய்ச்சி மையம் 1987லேர்ந்து ஓடுது. ஜெர்மனியோட ஐ.ஜி.எஸ்.டி.சிங்கிற அறிவியல் தொழில்நுட்ப மையம் 2010லேர்ந்து, அதுல 2+2ன்னு ஒரு ஏற்பாடு, ரெண்டு பக்கமும் ஒரு ஆராய்ச்சி நிறுவனம், ஒரு கம்பெனி. கோயம்புத்தூர்ல பம்ப் கம்பெனியோ திருப்பூர்ல சாயக்கழிவு சுத்திகரிப்பு பண்றவங்களோ பக்கத்துல இருக்கிற காலேஜுக்கு ஹொரைசனை விட இது எவ்வளவோ கைக்கு எட்டுற தூரம். ரெண்டு அரசும் கூடி உக்காந்து முடிவு பண்றதால பிரஸ்ஸல்ஸ் ஒரு பக்கம் டெல்லி ஒரு பக்கம்னு இழுபறி குறைவு.

பெரிய ப்ராஜெக்ட் கதை வேற. ஐட்டர்ல நம்ம பங்கு சுமார் 9 சதவீதம், ஆனா பெரும்பகுதி பணமா இல்ல, பொருளா. துருப்பிடிக்காத எஃகுல செஞ்ச வாக்குவம் பாத்திரங்கள்ல உலகத்துலயே பெருசான அதோட க்ரையோஸ்டாட், சுமார் 3,800 டன், குஜராத் ஹசீராவுல எல் அண்ட் டி செஞ்சு துண்டு துண்டா ஃப்ரான்ஸுக்குக் கப்பல்ல போச்சு. காசு இங்கேயே செலவாச்சு, வெல்டிங் பண்ணக் கத்துக்கிட்டவங்களும் இங்கேயே இருக்காங்க. எஸ்.கே.ஏ ரேடியோ தொலைநோக்கிக்கு 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கு, செர்ன்ங்கிற துகள் இயற்பியல் ஆய்வகத்துல 2017லேர்ந்து அசோசியேட் உறுப்பினர்.

குறை என்னன்னா, ஐட்டர், செர்ன்லாம் இயற்பியல், பொறியியல் பக்கம்தான், அதுவும் சில நிறுவனத்துக்குத்தான். பருவநிலை, பயிர், பொதுசுகாதாரம் பண்ற ஆளுக்கு அதுல ஒண்ணும் கிடையாது. இருதரப்புல ப்ராஜெக்ட் தொகை சின்னது, ரெண்டே நாடுங்கிறதால பத்து நாட்டு லேப் சேந்து பண்ற வேலை நடக்காது. அரசியலும் இங்க இல்லாம இல்ல. பிரிட்டனோட நியூட்டன்-பாபா நிதி 2014ல பெரிய சத்தத்தோட ஆரம்பிச்சது, 2021ல பிரிட்டன் வெளிநாட்டு உதவி பட்ஜெட்டை வெட்டினப்ப ஓடிக்கிட்டிருந்த ப்ராஜெக்ட் தலைலயும் கத்தி விழுந்துச்சு. ஒத்த நாட்டை நம்புறதுல அந்த ஆபத்து எப்பவும் இருக்கு.

இது எப்ப சரியான வழி: தொழில் பார்ட்னர் கைல இருக்கிறப்ப, இல்ல நாட்டுக்குன்னு ஒரு தயாரிப்புத் திறன் வளரணும்னு குறி வைக்கிறப்ப.

## ஒரே பார்வைல

| | கோ-ஃபண்டிங் | பில்லர் 2 | முழு அசோசியேஷன் | இருதரப்பு, பெரிய ப்ராஜெக்ட் |
|---|---|---|---|---|
| காசு | ஜெயிச்ச ப்ராஜெக்ட்டுக்கு மட்டும், நம்ம கஜானா | முன்கூட்டியே பங்கு, தோராயமா வருஷம் 15,000 கோடி ரூபாய்லேர்ந்து பேரம் | அதை விட ரொம்ப அதிகம் | நாம முடிவு பண்ற அளவு, பெரும்பகுதி உள்நாட்டுலயே செலவு |
| மதிப்பீடு | ரெண்டு | ஒண்ணு | ஒண்ணு | ரெண்டு அரசும் சேந்து |
| தலைமை | முடியாது | முடியும் | முடியும் | பாதிப் பாதி |
| அரசியல் ஆபத்து | குறைவு, கால் வராமப் போகலாம் | நடுத்தரம் | அதிகம் | அந்த ஒரு நாட்டைப் பொறுத்து |
| மறைஞ்ச செலவு | தாமதம், கெட்டுப்போற பேரு | கிராண்ட் ஆபீஸ், கொள்கை ஆவணம், மூடின ரூம்கள் | எல்லாமும் | சின்ன தொகை, குறுகின துறை |
| மாநில யுனிவர்சிட்டிக்கு | அமைச்சகக் கால் வந்தா | ஆபீஸ் இருந்தா | கஷ்டம் | 2+2ல நல்லா எட்டும் |

## நான் எந்தப் பக்கம்

ஹொரைசன் யூரோப் 2027ஓட முடியுது. முடியுற பஸ்ஸுல கடைசி ஸ்டாப்புக்கு முழு டிக்கெட் எடுக்கிறதுல அர்த்தமில்ல. யூனியன் 2025 ஜூலைல அடுத்த திட்டத்துக்கான முன்மொழிவை வச்சிருக்கு, 2028லேர்ந்து 2034 வரை, 17,500 கோடி யூரோ கேட்டிருக்காங்க, இன்னும் பேரம் நடக்கும். இந்தியா உக்காந்து பேச வேண்டியது அதைப் பத்தித்தான். திட்டம் பெருசாகுறப்ப ஜிடிபி ஃபார்முலாவுல நம்ம பங்கும் பெருசாகும்ங்கிறதையும் பாத்துக்கணும்.

அதுவரைக்கும்? சுவிஸ்காரங்க அவசரத்துக்கு செஞ்சதை நாம வழக்கமாவே செஞ்சுரலாம்ங்கிறது என் வாதம். ஏ.என்.ஆர்.எஃப்லயோ வேற எங்கயோ ஒரு நிரந்தரப் பை, அதுலேர்ந்து பில்லர் 2ல எந்தக் கன்சார்ட்டியம் ஜெயிச்சாலும் இந்திய பார்ட்னர் பங்கு தானா ரிலீஸ் ஆகணும், அறிவியல் மதிப்பீடு பிரஸ்ஸல்ஸ்ல நடந்ததே போதும், இங்க பாதுகாப்பு சம்பந்தமான செக் மட்டும். நம்ம காசு நம்ம லேபுக்கே போகுது, ஜெயிச்சதுக்கு மட்டும் போகுது, ஒன்பதாவது வரில 0.00 இருந்தாலும் பக்கத்துல "நிதி உறுதி"ன்னு எழுத முடியும். அதை விட முக்கியம், ரெண்டு வருஷம் இப்படி ஓட்டினா நாம உண்மையில எவ்வளவு ஜெயிக்கிறோம்னு ஒரு கணக்கு கைல இருக்கும். வருஷத்துக்கு 500 கோடி ரூபாய் அளவுக்குத்தான் ஜெயிக்கிறோம்னா 15,000 கோடி பேரத்துல நாம எங்க உக்காரணும்னு எதிர்ல இருக்கிறவருக்கும் புரியும். கணக்கு இல்லாம பேச்சுக்குப் போனா கைகுலுக்குற ஃபோட்டோ மட்டும் நல்லா வரும்.

இதுக்கு எதிர்வாதமும் இருக்கு. இப்படி ஓட்டினா கோஆர்டினேட்டர் ஆக முடியாது, கால் தலைப்புல நம்ம குரல் கேக்காது, எப்பவும் துணைப் பாத்திரம்தான். உண்மைதான். ஆனா கிராண்ட் ஆபீஸே இல்லாத இடத்துலேர்ந்து பதினோரு நாட்டுக் கன்சார்ட்டியத்தை நடத்தப் போறது யாரு? மொதல்ல துணைப் பாத்திரத்துல அஞ்சாறு படம் ஒழுங்கா பண்ணிட்டு வரட்டும். அதோட ஆபீஸுக்கான காசையும் அதே பையிலேர்ந்து கொடுக்கணும், யூனியன் கொடுக்கிற மாதிரி 25 சதவீத ஓவர்ஹெட், பிஐ கைல இல்லாம காலேஜ் கிராண்ட் ஆபீஸுக்குன்னே தனியா. 2025 ஜூன்ல ஆராய்ச்சி சாமான் வாங்குறதுக்கு அரசு கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டல்லேர்ந்து விலக்கு கொடுத்து டைரக்டர், துணைவேந்தர் அதிகாரத்தை ஏத்தினாங்க, அது மாதிரி இன்னும் நாலு விஷயம் செஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

இருதரப்பு வழியை எந்த முடிவு எடுத்தாலும் விடக்கூடாது. மாநில யுனிவர்சிட்டில இருந்து மொத தடவையா வெளிநாட்டு ப்ராஜெக்ட் பாக்குறவங்களுக்கு நான் சொல்றது எப்பவும் அதுதான், ஹொரைசன் கன்சார்ட்டியத்துல ஒன்பதாவது ஆளா போறதுக்கு முன்னாடி ஒரு 2+2ல பாதி ஆளா இருந்து பாருங்கன்னு.

பையன் போஸ்ட்டாக் விஷயம்: இந்த அசோசியேஷன் பேச்சுக்கும் அதுக்கும் தொடர்பே இல்ல. மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு எந்த நாட்டுக்காரரும் போடலாம், யூனியன்லயோ அசோசியேட் நாட்லயோ ஒரு ஹோஸ்ட் கிடைச்சா போதும், இந்தியர்கள் வருஷா வருஷம் அதுல முன்வரிசைலதான் இருக்காங்க. போற நாட்டுல கடந்த 36 மாசத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாதுங்கிற விதிய மட்டும் மொதல்ல பாத்துக்கச் சொல்லுங்க, ஏற்கனவே அங்கயே பிஎச்டி பண்ணிக்கிட்டிருக்கிற பசங்க அதுலதான் அடி வாங்குறாங்க. வழக்கமா செப்டம்பர்ல கடைசித் தேதி வரும், ஹோஸ்ட் ப்ரொஃபசருக்கு மெயில் ஜூலைல போட்டா லேட்டு, பிப்ரவரி மார்ச்லயே போட்டு வைக்கணும்.